நலமா, நகமா?

ஓய்வுபெற்ற பிறகு என் வீட்டுப் படலையைத் திறக்கிறவர்கள் இரண்டே வகை. கல்யாணக் கார்டு கொண்டு வருகிறவர்கள் ஒரு வகை, வீடு மாறி வருகிறவர்கள் மற்ற வகை. போன கிழமை ஒரு நாள் காலை வந்தவர் இரண்டிலும் சேராதவர். நல்ல சப்பாத்து, குளிர்கண்ணாடி, கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை. கூடைக்குள் ஒரு பூனை, உலகத்தில் உள்ள எல்லார் மீதும் கோபமாக இருந்தது.

"நாகமணி அண்ணன் நீங்கதானே? பூனைக்கு நகம் எடுக்கிறவர்?"

முப்பத்தொரு வருஷம் மிருக வைத்தியரின் உதவியாளராக இருந்திருக்கிறேன். எருமைக்குக் கீழே விழுந்திருக்கிறேன், ஆடு நான் போட்டிருந்த சேட்டைத் தின்றிருக்கிறது, நாய் கடித்த இடங்களைச் சபையில் சொல்ல முடியாது. இத்தனைக்கும் பிறகு ஊரில் எனக்கு மிச்சமிருக்கிற பெயர் இதுதான்.

வந்தவர் பெயர் ரவி. கனடாவிலிருந்து திரும்பி, கல்குடாவில் சுற்றுலாக்காரருக்கு அறைகள் கட்டியிருக்கிறார். அறைகளுக்கு சோபா வாங்கிப் போட்டார். டைகர் என்கிற இந்தப் பூனை சோபாக்களை ஒவ்வொன்றாக விறாண்டி வாசித்துக்கொண்டு வருகிறதாம். டவுனில் புதிதாக வந்திருக்கும் பெண் டொக்டரிடம், நகங்களை அடியோடு எடுத்துவிடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவர் முடியாது என்றிருக்கிறார். அங்கே வாங்கில் குந்திக் காத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான், "முந்தி இஞ்ச ஒராள் இருந்தார், நாகமணி எண்டு. அவர் ஆக்கள் செய்திருக்காங்க" என்று வழி காட்டிவிட்டார்.

"தம்பி, கூடையைக் கீழ வையுங்க" என்றேன். "கதை கொஞ்சம் நீளம்."

ரவியிடம் சொன்னதைக் கேள்விப்பட்ட அந்தப் பெண் டொக்டர், எனக்கு டொக்டர் பிள்ளை, அதை அப்படியே எழுதித் தரும்படி கேட்டார். இப்படிக் கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்களாம். வாங்கில் இருக்கிற நேரம் வாசிக்கட்டுமாம். எழுத இருந்து இன்று நாலாவது நாள். ஒரு பக்கத்துக்கு ஆறு தரம் எழும்புகிறேன். குசினிக்குப் போய்த் தண்ணீர் குடிக்கிறேன், படலையைப் பூட்டினேனா என்று பார்க்கிறேன், திரும்பவும் தண்ணீர். "ஒரு இடத்தில இருங்களன், எனக்குத் தலை சுத்துது" என்கிறாள் மனைவி. சொல்ல வேண்டிய இடம் கிட்ட வரவர, கால் வேறெங்காவது போகச் சொல்கிறது.

நான் தொழில் பழகினது உன்னிச்சைப் பக்கம், வயல் வட்டைக்குள்ளே. படிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. பிடிக்கச் சொன்னதைப் பிடிப்பேன், விடச் சொன்னால் விட்டுவிட்டு ஓடுவேன். பெரும்பாலும் மாட்டு வேலை. மாட்டு வேலையில் பெரும்பாலும் நாம்பன்களுக்கு விதையடிப்பது. ஆனால் எங்கள் பக்கத்து மாட்டுக்காரர் அதை நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்லமாட்டார்கள். "நலம் எடுக்கணும்" என்பார்கள். மரியாதையான சொல். இந்தச் சொல்லைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளாததால் வந்ததுதான் மற்றதெல்லாம்.

பிறகு டவுனில் தனியாக நிலையம் வைத்திருந்த ஒரு டொக்டரிடம் சேர்ந்தேன். மெலிந்த மனுஷன். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. வேலை செய்யும்போது மூக்கால் ஒரு ராகம் முனகுவார். அது எந்த ராகம் என்று பாட்டுப் படித்தவர்களுக்கும் தெரியாது. முழங்கை வரைக்கும் மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவுவார். மயக்கிய மிருகத்தை மேசையில் கிடத்தியதும், கத்தியைத் தொடமுன் என்னைப் பாராமலே இரண்டு கேள்வி கேட்பார்.

"ஆள் ஆரு? அலுவல் என்ன?"

நான் அட்டையைப் பார்த்து வாசிக்க வேண்டும். "ஆள் ஜிம்மி. அலுவல் காலில கட்டி." அப்போதுதான் முனகல் தொடங்கும். அட்டை எழுதுகிறவனும் நான், வாசிக்கிறவனும் நான். இதில் உள்ள ஓட்டை அந்தக் காலத்தில் எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை.

டொக்டர் ஒரு முறை பயிற்சிக்கென்று வெளிநாடு போய் வந்தார். அங்கே வீட்டுப் பூனைகளுக்கு நகம் எடுப்பதைப் பார்த்திருக்கிறார், செய்தும் பழகியிருக்கிறார். அதற்கென்று ஒரு சிறிய வெட்டியும் கொண்டு வந்தார். "இஞ்ச ஆரு இதைக் கேக்கப்போறா?" என்று சொல்லி மேசை லாச்சிக்குள் போட்டார். ஒரு வருஷம் அது லாச்சிக்குள்ளேயே கிடந்தது. ஆனால் லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் அவர் அதைப் பார்ப்பார். அவர் பார்ப்பதை நானும் பார்ப்பேன்.

அப்படியிருக்க ஒரு நாள் டோரா அன்ரியின் போன் வந்தது.

டோரா அன்ரி பறங்கியர், போர்த்துக்கீச வழிவந்தவர். வாவிக்கரையில் சின்ன வீடு, தனி ஆள். கல்யாண உடுப்புத் தைப்பதில் டவுனில் அவருக்கு மேலே ஆளில்லை. கூட்டுக்கு ஒரு கடுவன் பூனை. ஒரே ஈற்றில் ஐந்தாவதாகப் பிறந்ததால் அதன் பெயர் சிங்கு. அவர்கள் வீட்டுப் பாஷையில் சிங்கு என்றால் ஐந்து.

"டோரா பேசுறன் மனே. எங்கட சிங்குக்கு ந…ம் எடுக்கணும்."

நடு எழுத்தைப் போன் கம்பி தின்றுவிட்டது.

"நகமா அன்ரி?"

"ஓம் மனே, அதுதான்."

அவர் காதில் "நலமா" என்று விழுந்திருக்கிறது. கம்பி இரண்டு பக்கமும் தின்றிருக்கிறது.

"சரியான கரைச்சலோ?"

"கரைச்சலா! வீட்டில ஒரு சாமான் மிச்சமில்ல. நேத்து ஒரு பொம்பிளைப் பிள்ளைட கலியாண உடுப்பையே நாசமாக்கிட்டான்."

அவர் சொன்னது மூத்திரம். நான் நினைத்தது கிழிசல்.

"எடுத்தா மறுகா அடங்கிருவானா மனே?"

"சேர் செய்தா நூறு வீதம் அன்ரி."

நலம் என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்த காது என்னுடையது. ஆனால் அது எனக்கு மாட்டுச் சொல். பூனைக்கு அதைப் பொருத்தி யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அதுவும் லேஸ் தைக்கிற ஒரு அன்ரியின் வாயால். அன்ரிக்கு அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தது அவருடைய பால்காரன் என்பது பிறகுதான் தெரிந்தது. மரியாதையாகச் சொல்ல என்ன சொல் என்று பாவம் விசாரித்துக் கேட்டிருக்கிறார். நானோ, அவுஸ்திரேலியாவில் சொந்தக்காரர் உள்ளவர், நகம் எடுப்பதைப் புத்தகத்தில் வாசித்திருப்பார் என்று முடிவுகட்டினேன். உள்ளே ஓடிப்போய், "சேர், ஒரு நகம் வந்திருக்கு!" என்றேன். லாட்டரி விழுந்த மாதிரி.

டொக்டர் நிமிர்ந்தார். "உறுதியா?"

"உறுதி சேர்."

இந்த இடத்தில் நான் எழும்பித் தண்ணீர் குடித்தேன். மூன்றாம் தரம்.

அடுத்த நாள் காலையில் அன்ரி சிங்குவைக் கூடையில் கொண்டு வந்தார். அப்போதாவது பிழை வெளிவந்திருக்க வேண்டும். வரவில்லை. வெட்கம் விடவில்லை. வாங்கில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அன்ரி குரலைத் தாழ்த்தினார்.

"வலிக்குமா மனே?"

"மயக்கிப்போட்டுத்தான் அன்ரி."

"எல்லாத்தையுமா எடுக்கிற?"

"இல்ல, முன்னுக்குள்ளதை மட்டும். பின்னுக்குள்ளதை விட்டிருவம்."

அன்ரியின் முகம் செம்பரத்தம்பூ ஆகிவிட்டது. "முன்னுக்குப் பின்னுக்கெல்லாம் எனக்கென்ன தெரியும்? நீங்க படிச்ச ஆக்கள்" என்று அட்டையில் கையெழுத்தை வைத்துவிட்டு விறுவிறென்று வெளியே போனார். நான் எழுதியிருந்ததை அவர் பார்க்கவில்லை. பூனையின் கண்ணைத்தான் பார்த்தார்.

"ஆள் ஆரு? அலுவல் என்ன?"

"ஆள் சிங்கு. அலுவல் முன்னங்கால் நகம் எடுத்தல்."

முனகல் தொடங்கியது. பூனையின் முழங்கைக்கு மேலே, இரத்தம் வராமல், ரப்பர் பட்டி இறுகியது. டொக்டர் ஒரு விரலை மேலும் கீழும் அமத்த, உள்ளே ஒளிந்திருந்த நகம் வெளியே வந்தது. வெட்டியின் வளையத்தை அதில் மாட்டி, நகத்தையும் தாண்டிப் பின்னால் தள்ளினார். ஒரு மூட்டுக்குள் அது இறங்கி நின்றது. டிக். தட்டில் ஒன்று விழுந்தது. நகம் வெட்டும்போது தெறிக்கிற பிறைத்துண்டை எதிர்பார்த்து நான் குனிந்தேன். விழுந்து கிடந்தது நகம், அதன் அடியில் தோல், அதற்கும் அடியில் பயறளவு எலும்பு, எலும்பின் முனையில் வெள்ளை மினுமினுப்பு.

"சேர், இது நகமில்லயே. விரல்."

"நகம் அந்தக் கடைசி எலும்பிலயிருந்துதான் முளைக்குது. எலும்பை விட்டா திரும்ப முளைக்கும்."

"அப்ப ஏன் நகம் எண்டு சொல்றாங்க?"

"விரல் எண்டு சொன்னா ஆரும் கேக்கமாட்டாங்க" என்றார். சொன்ன பிறகு அவருடைய முனகல் கொஞ்சம் தவறியது. ஆனால் கை நிற்கவில்லை. ஒரு காலுக்கு ஐந்து. பத்து டிக். பத்தையும் எண்ணினேன், எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பின்னேரம் அன்ரி வந்தார். சிங்கு கூடைக்குள் இரண்டு கையிலும் வெள்ளைக் கட்டோடு, குத்துச்சண்டையில் தோற்றவன் போலக் கிடந்தது.

"ஏன் மனே கையில கட்டு? அதுக்கும் கைக்கும் என்ன?"

"நகம் எடுத்தா கட்டத்தானே வேணும் அன்ரி."

"ஆரு நகம் கேட்டது? நலம் எண்டுதானே சொன்னன்! நலம்!"

இத்தனை நாள் ஒளித்து வைத்த சொல்லை நிலையம் முழுக்கக் கேட்கக் கத்திவிட்டார். வாங்கில் யாரோ சிரித்தார்கள். எனக்கும் ஒரு நொடி சிரிப்புத்தான் வந்தது. நான் அப்படிப்பட்ட பிறவி, செத்த வீட்டிலும் சிரிப்பு வரும். பிறகு அன்ரி கட்டின் மேல் ஒரு விரலை வைத்து, "அப்ப இதுக்குள்ள என்ன இல்ல?" என்று கேட்டார். சிரிப்புப் போனது.

டொக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "அம்மா, பிழை எங்கட" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. எடுத்தது என்ன என்பதை ஒளிக்காமல் சொன்னார்.

"கதிரை, லேஸ் எல்லாம் இனிக் கிழியாது அன்ரி" என்று நான் இடையில் புகுந்தேன். வாய் அப்படி.

"லேஸ் கிழிஞ்சா நான் தைப்பன்" என்றார் அன்ரி. "இதை எப்பிடித் தைக்கிற, சொல்லு பாப்பம்?"

அவர் போன பிறகு டொக்டர் சொன்னது ஒரே வசனம். "கட்டு மாத்த நீதான் போறாய், அது தேறுமட்டும்."

போனேன். பூனையைப் பற்றி எனக்கு ஏதாவது தெரியும் என்றால் அது அந்த வீட்டில் படித்ததுதான். மணல் புண்ணுக்குள் போகும் என்பதால் கடதாசியைக் கீலம் கீலமாகக் கிழித்து, அது ஒன்றுக்கு இருக்கிற தட்டில் போட்டோம். புண் ஆறிய பிறகு மணல் வைத்தால், சிங்கு ஒரு கையை வைத்துவிட்டு நெருப்பில் வைத்ததுபோல் எடுத்துக்கொள்ளும். பிறகு போய் அன்ரியின் கட்டிலில் ஒன்றுக்கு இருக்கும். அதற்கு முன் அது கடித்த பூனை அல்ல. இப்போது கிட்டப் போனாலே கடித்தது. அடிக்கக் கையில்லாதவன் வேறு என்ன செய்வான்? என் பெருவிரலில் அதன் இரண்டு பல் அடையாளம் இன்னும் இருக்கிறது. முந்தி அது நித்திரை கொள்வது அலுமாரிக்கு மேலே. இப்போது அலுமாரியின் காலடியில் நின்று மேலே பார்க்கும், வாலை ஆட்டும், குந்தும். பாயாது. அறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கும். கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தும். எடுக்க வேண்டியதை நாங்கள் எடுக்கவில்லையே. கடுவன் கடுவனாகத்தான் இருந்தது, ஊர் சுற்றவும் சண்டை பிடிக்கவும் அதற்கு எல்லா ஆசையும் இருந்தது.

ஒரு நாள் கட்டைக் கழற்றிவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். சிங்கு தையல் மெசினுக்குப் பக்கத்திலிருந்த கதிரைக்குப் போய், இரண்டு கையையும் தூக்கி அதன் காலில் வைத்து விறாண்டத் தொடங்கியது. முதுகை நீட்டி, காதைப் பின்னால் மடித்து, முழு முறையோடு. சத்தம் இல்லை. கதிரையில் கோடும் இல்லை.

அன்ரி தையலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"பாரு மனே. அவனுக்கு இன்னும் தெரியாது."

நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு வெளியே போய்ச் சைக்கிளுக்குக் காற்று அடித்தேன். காற்று ஏற்கெனவே இருந்தது.

மூன்றாவது கிழமை சிங்கு யன்னலால் நழுவிப் போய்விட்டது. அன்ரி நிலையத்துக்கே ஓடி வந்தார், செருப்புக் கூட இல்லாமல். "மனே, வெளியில முழுக்கக் கடுவன்கள். ஒரு அடி வாங்கினாத் திருப்பி அடிக்க அவனிட்ட என்ன கிடக்கு? மரத்தில ஏறவும் ஏலாது."

டொக்டர் வாசலைப் பூட்டினார். காத்திருந்த ஆட்களிடம் "ஒரு அலுவல்" என்றார். நாங்கள் மூவரும் வாவிக்கரையோரம் தேடினோம். சிங்கு, சிங்கு என்று நான் கத்த, வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "எத்தினை அஞ்சு தேடுறீங்க?" என்று கேட்டார், அவருக்கும் அந்தப் பாஷை தெரிந்திருக்கிறது. என் வாழ்க்கையில் பதில் சொல்லாமல் விட்ட பகிடி அது ஒன்றுதான்.

கவிழ்த்து வைத்திருந்த ஒரு தோணிக்கு அடியில் அது கிடந்தது. ஒரு காது இரண்டாகக் கிழிந்து, ஒரு கண் வீங்கி மூடி, கைகள் இரண்டிலும் சேறு. சேற்றில் வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனேன். பெருவிரலைத்தான் கடித்தது. கடிக்கட்டும் என்று பிடித்தபடி வெளியே வந்தேன்.

கண் தப்பியது. காதைத் தைத்தோம். நலம் எடுக்காவிட்டால் இது மறுபடியும் போகும், போனால் அடுத்த முறை தோணி வரைக்கும் வராது என்று டொக்டர் சொன்னார். எங்களை விட்டால் அதைக் கொடுக்க அன்ரிக்கு வேறு யார் இருந்தார்கள்? அன்ரி கைப்பையைத் திறந்து, துணியில் கோடு போடுகிற சோக்கட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எழுது."

கூடை மூடியில் எழுதினேன். நலம்.

"ல வை இன்னும் பெருசா எழுது."

பெரிதாக எழுதினேன். நாற்பதை நெருங்கிய வயதில், நாலு நாயும் ஒரு ஆடும் பார்த்திருக்க. அவர் கண்ணாடியைப் போட்டு எழுத்துக்கூட்டி வாசித்தார். மறுநாள் மேசைக்குப் பக்கத்திலும் வந்து நின்றார். டொக்டர் கழுவிய கையோடு கேட்டார்.

"ஆள் ஆரு? அலுவல் என்ன? ஆரு வாயால சொன்னது?"

மூன்றாவது கேள்வி அன்று பிறந்தது. அவர் தொழிலை விடும்வரை ஒரு நாள்கூட அதைக் கேட்காமல் கத்தியைத் தொட்டதில்லை.

நான் வாயைத் திறக்கமுன் அன்ரி சொன்னார். "ஆள் சிங்கு. அலுவல் நலம். என்ர வாயால."

ஊர் சுற்றல் நின்றது, சண்டை நின்றது. மற்றவை நிற்கவில்லை. சில மாதம் கழித்து வலது காலை நொண்டியது. ஒரு விரலில் எலும்பின் சிம்பு மிஞ்சி, அதிலிருந்து நகம் உள்ளுக்குள்ளேயே கோணலாக முளைத்திருந்தது. டொக்டர் திரும்பவும் கீறி எடுத்தார், முனகல் இல்லாமல். சிங்கு மேலும் பல வருஷம் இருந்தது. கடைசிவரை மணலை மிதிக்கவில்லை; கடதாசிக் கீலத்தில்தான் ஒன்றுக்கு இருந்தது, சில நாள் கட்டிலில். துணிப்பெட்டிகளை அடுக்கி அன்ரி அதற்கு அலுமாரிவரை படி கட்டிக் கொடுத்தார். முதல் படிவரை ஏறும். அன்ரி என்னோடு கோபம் வைத்திருக்கவில்லை, பெயர்தான் வைத்தார். நாகமணி அன்றிலிருந்து "நகமணி". என் பெயரிலிருந்தும் ஒரு கால் போனது. பத்துக்கு ஒன்று, எனக்கு மலிவு.

அந்த வெட்டியை டொக்டர் பிறகு தொடவில்லை. ஒரு முறை கேட்டேன்: "எல்லாப் பூனையும் இப்பிடித்தான் ஆகுமா சேர்?"

"இல்ல. சிலது ஒண்டும் நடக்காத மாதிரி இருக்கும். வலியைக் காட்டாம இருக்கிறதுதானே அதுகளிட குணம். ஒண்டும் நடக்கேல்லயா, காட்டேல்லயா எண்டு எந்தப் பூனையிட்டப் போய்க் கேக்கிற?"

இவ்வளவையும் ரவி நின்றபடி கேட்டார். முடிந்ததும் சோபாவின் விலையைச் சொல்ல வாயெடுத்தார் போலிருந்தது.

"தம்பி, கையைத் தாங்க" என்று அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து நுனி மூட்டை மடக்கினேன். "இதில. பத்தும்."

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கூடையைப் பார்த்தார்.

"அப்ப சோபாவுக்கு என்ன செய்யிற அண்ணன்?"

"விறாண்டத்தான் அதுக்கு நகம். சோபாவில வேணாமெண்டா வேற இடம் குடுங்க. ஒரு கட்டைக்குக் கயிறு சுத்தி சோபாவுக்குப் பக்கத்திலயே நாட்டுங்க. மற்றது, ரெண்டு கிழமைக்கு ஒருக்கா நுனியை மட்டும் வெட்டுங்க. எப்பிடி எண்டு காட்டுறன்."

டைகரை மடியில் தூக்கி வைத்தேன். மனைவியின் நகவெட்டி. விரலை மேலும் கீழும் அமத்தினேன், நகம் வெளியே வந்தது, பளபளவென்று, அடியில் இளஞ்சிவப்போடு. நுனியை மட்டும் வெட்டினேன். பிறைத்துண்டு தெறித்து முற்றத்தில் விழுந்தது. அது வெறும் நகம்தான், குனிந்து பார்த்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. உட்புறத்தில் ஒளிந்திருக்கிற கடைசி விரலைத் தேடிப் பிடித்தபோது, ஐந்து என்பதற்குப் பதிலாக வாய் தானாகச் சொன்னது:

"சிங்கு."

"இதுக்குப் பேர் டைகர் அண்ணன்" என்றார் ரவி.

நான் தலையை நிமிர்த்திய அந்த நொடியில், இன்னும் வெட்டாத மற்றக் கையால் டைகர் என் முன்னங்கையில் ஒன்று போட்டுவிட்டு மாமரத்தில் ஏறிவிட்டது. நாலு கோடு, நல்ல ஆழம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டு, கட்டிக்கொண்டு திரியச் சொன்னார்கள்.

நான் கட்டவில்லை. ஒரு கிழமையாகச் சேட்டுக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காட்டித் திரிகிறேன்.